கையில் கயிறும் இடுப்பில் பிள்ளையும்: பெண் சூப்பர் ஹீரோக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாசகசாலை. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அங்கே போய்ப் பிள்ளைகளோடு உட்காருவது வழக்கமாகிவிட்டது. அதில் பாதிப் பேர் தினமும் காலையில் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்குக் கல்லூரி போகிறவர்கள். 2025 ஆகஸ்டில் ‘லோகா’ என்ற மலையாளப் படம் வந்தது. நாட்டுப்புறக் கதைகளில் வருகிற கள்ளியங்காட்டு நீலியை சூப்பர் ஹீரோவாக்கிய படம். எல்லாரும் பார்த்துவிட்டு வந்து ஒரே பேச்சு. அந்தப் பேச்சு அமெரிக்க காமிக்ஸ் நாயகி வொண்டர் வுமனுக்குப் போனது, அங்கிருந்து பெண்ணியத்துக்கு, அங்கிருந்து சண்டைக்கு.

பிள்ளைகளும் அவர்களைக் கூப்பிட வருகிற அம்மாமாரும் ஒரே சந்தேகத்தை மாற்றி மாற்றிக் கேட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

டீச்சர், பெண்ணியச் சின்னம் பெண்ணியச் சின்னம்ங்கிறாங்களே, அப்படின்னா என்ன? அவ பெண்ணியம் பேசணுமா?

பேச வேண்டியதில்லை. ஊர்வலத்தில் தூக்கிப் பிடிக்கிற கொடி பேசுகிறதா? அதைப் பிடித்திருக்கிறவர்கள்தான் பேசுகிறார்கள். பெண்ணியம் என்பதை நான் இங்கே சிக்கலில்லாமல் எடுத்துக்கொள்கிறேன்: ஆணுக்கு உள்ள உரிமை பெண்ணுக்கும் வேண்டும், அதற்குக் குறுக்கே நிற்கிற ஏற்பாடுகளை மாற்ற வேண்டும்.

ஆகவே இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. கதைக்குள்ளே அவள் என்ன செய்கிறாள்? கதைக்கு வெளியே பெண்கள் அவளை வைத்து என்ன செய்தார்கள்? முதலாவதற்கு ‘சுமார்’ என்றும் இரண்டாவதற்கு ‘நிறைய’ என்றும் விடை வரலாம். நம் சண்டையில் பாதி, இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவதால் வருகிறது.

முதல் பெண் சூப்பர் ஹீரோ வொண்டர் வுமன்தானே?

இல்லை. சூப்பர்மேன் 1938, பேட்மேன் 1939, வொண்டர் வுமன் 1941 கடைசி. அதே 1941இல், அவளுக்குச் சில மாதம் முன்பே, ‘மிஸ் ஃப்யூரி’ செய்தித்தாள்களில் வர ஆரம்பித்துவிட்டாள். கருஞ்சிறுத்தைத் தோலை உடுத்திக்கொண்டு திரிகிற பணக்காரப் பெண். வரைந்தவரும் ஒரு பெண்தான், டார்ப்பே மில்ஸ். அவருடைய பெயரில் முதலில் வருவது ஜூன். அது பெண் பெயர் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்பதால் அதை விட்டுவிட்டு டார்ப்பே மில்ஸ் என்று கையெழுத்துப் போட்டார். மிஸ் ஃப்யூரியை இன்று யாருக்கும் தெரியாது. முதலில் வந்ததற்காக ஒருத்தி சின்னமாகிவிடுவதில்லை.

வொண்டர் வுமனைப் படைச்சது ஒரு ஆம்பளை. அப்புறம் அவ எப்படிப் பெண்ணியச் சின்னமாவா?

இது நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். படைத்தவர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன், ஹார்வர்டில் படித்த மனோதத்துவ நிபுணர். பொய் சொல்லும்போது ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று சோதித்துக் காட்டியவர். பின்னால் வந்த பொய் கண்டறியும் கருவிக்கு அந்தச் சோதனையும் ஒரு வேர். வொண்டர் வுமன் வீசுகிற கயிற்றில் மாட்டியவர்கள் உண்மையைக் கக்குவது ஏன் என்று இப்போது தெரிகிறதா? படம் வரைந்தவர் ஹாரி பீட்டர். இவர் இளமையில், அமெரிக்கப் பெண்கள் ஓட்டுரிமைக்குப் போராடிய காலத்தில், அந்தப் போராட்டத்துக்காகப் பக்கம் ஒதுக்கிய பத்திரிகையில் வரைந்தவர். விலங்கை முறித்துக்கொண்டு எழுகிற பெண் அந்தக் காலக் கேலிச்சித்திரங்களில் அடிக்கடி வருவாள்.

மார்ஸ்டன் வீட்டில் இரண்டு பெண்கள். மனைவி எலிசபெத் ஹாலோவே சட்டம் படித்தவர்; வெளியே வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கியவர் அவர். இன்னொருவர் ஆலிவ் பர்ன், வீட்டிலிருந்து எல்லாப் பிள்ளைகளையும் வளர்த்தார். நாலு பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு. ஆலிவ் கையில் எப்போதும் கிடந்த அகலமான காப்புகள்தான் வொண்டர் வுமன் கையில் குண்டு தடுக்கிற காப்புகளாயின. ஆலிவின் தாய் ஈத்தல் பர்ன், 1917இல் கருத்தடை ஆலோசனை கொடுத்த குற்றத்துக்காகச் சிறையிலடைக்கப்பட்டு அங்கே உண்ணாவிரதம் இருந்தவர். தாயின் அக்காள் மார்கரெட் சாங்கர், அமெரிக்காவில் கருத்தடை இயக்கத்தைத் தொடங்கியவர். இந்த சாங்கர் 1935 கடைசியில் திருவனந்தபுரத்தில் நடந்த அகில இந்தியப் பெண்கள் மாநாட்டுக்கு வந்தார். அப்போது நம் விளவங்கோடும் திருவிதாங்கூர் ராஜ்யம்தான், ஆகவே நம் தலைநகரத்துக்கு வந்திருக்கிறார்! இதைச் சொன்னபோதுதான் பிள்ளைகள் போனைக் கீழே வைத்தார்கள்.

எனவே ‘ஆம்பளை படைச்சது’ என்பது பாதி உண்மை. அட்டையில் ஆண் பெயர் இருந்தது. உள்ளே இருந்த சரக்கு ஒரு தலைமுறைப் பெண்கள் ஜெயிலுக்குப் போய்ச் சேர்த்தது. 1944 முதல் பல கதைகளை எழுதியதும் ஜாய் ஹம்மல் என்ற இளம்பெண். அவர் பெயரும் அட்டையில் வரவில்லை.

அப்ப எதுக்கு அவளைப் பக்கத்துக்குப் பக்கம் கட்டிப்போட்டு வச்சிருக்காங்க?

பழைய இதழ்களைப் பார்த்தவர்கள் முகம் சுளித்துக் கேட்பது இது. சங்கிலி, கயிறு, விலங்கு, எல்லாம் கொஞ்சம் அதிகம்தான். விலங்கை முறிப்பது விடுதலையின் படம் என்று மேலே சொன்னேன். அது ஒரு பங்கு. மறுபங்கு, மார்ஸ்டனின் சொந்த விருப்பம். அன்புள்ள ஆட்சிக்கு அடங்கி நடப்பது இன்பம், பெண்கள் ஆண்டால் உலகம் அப்படி அடங்கும் என்று அவர் நிஜமாகவே நம்பினார். பதிப்பகத்துக்கு ஆலோசனை சொல்லி வந்த ஜோசெட் ஃபிராங்க் 1943இலேயே இதை எதிர்த்தார்.

என் அபிப்பிராயம், ஃபிராங்க் சொன்னது நியாயம். மார்ஸ்டன் பெண்ணை ஆணுக்குச் சமம் என்று சொல்லவில்லை, ஆணைவிட மேல் என்றார். கேட்க நன்றாக இருக்கும். வீட்டிலும் அப்படிச் சொல்கிறார்களே, ‘நீதானே இந்த வீட்டு லட்சுமி’ என்று. சொல்லிவிட்டு சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள்.

கதைக்குள்ள மத்த ஹீரோக்கள் அவளை மதிச்சாங்களா?

1942இல் ஆண் ஹீரோக்களின் சங்கத்தில் அவளைச் சேர்த்தார்கள். என்ன பதவி? செயலாளர். மற்றவர்கள் சண்டைக்குப் போவார்கள், இவள் குறிப்பெழுத இருப்பாள். அந்தக் கதைகளை எழுதியவர் மார்ஸ்டன் இல்லை, வேறொருவர். மலையைத் தூக்குகிறவளிடம் நோட்டைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். மகளிர் குழுக்களில் வேலை செய்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம்.

என்ன இருந்தாலும் டீச்சர், இந்தக் கோலத்துல நிக்கிறவளையா எங்க பிள்ளைகளுக்கு முன்மாதிரின்னு காட்டுவீங்க?

ஒரு பிள்ளையின் அம்மா கேட்டது. கோபமாகத்தான் கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்க நம் ஊரைவிடத் தகுந்த இடம் கிடையாது. தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. கல்குளம், விளவங்கோடு பகுதியில் நாடார் முதலான சாதிப் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போட்டதற்காகச் சந்தையில் அடிபட்டார்கள், அவர்கள் துணி கிழிக்கப்பட்டது. 1820களில் தொடங்கி 1859 வரை இழுத்தது. 1859 ஜூலை 26இல் மகாராஜா உத்தரவு போட்டார்: குப்பாயம் (மேல்சட்டை) போடலாம், முரட்டுத் துணியால் மூடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது. அனுமதி கொடுக்கும்போதுகூட எப்படி உடுத்த வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

இங்கே மூடுவதற்குப் போராட்டம். அமெரிக்காவில் அதே 1850களில், தரையைப் பெருக்குகிற பாவாடையை விட்டுக் கால்சட்டை போட்டு நடந்த பெண்களைத் தெருவில் கேலி செய்தார்கள். ஆகவே துணியின் நீளத்தை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. அதை யார் தீர்மானிக்கிறார் என்பதுதான் நான் கேட்கிற கேள்வி.

இங்கேதான் சிலர் ‘அவ இஷ்டம், அவ போட்டுக்கறா’ என்பார்கள். உயிருள்ள பெண்ணுக்கு அந்தப் பதில் சரி, வரைந்த பெண்ணுக்கு எடுபடாது. அவளுக்கு இஷ்டம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு அங்குலத்தையும் ஒரு வரைகலைஞர் தீர்மானித்திருக்கிறார். 1941இல் நட்சத்திரம் போட்ட பாவாடை, சீக்கிரமே அரைக்கால் சட்டை, பிறகு வருஷத்துக்கு வருஷம் குட்டை. 2010இல் நீளக் கால்சட்டை மாட்டிவிட்டபோது ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். எந்தக் கூச்சலிலும் அவளுக்குப் பங்கில்லை. அந்த அம்மாவிடம் நான் சொன்னது: உங்கள் கோபம் நியாயம், அதைப் படத்தில் நிற்கிறவள் மேல் காட்டாமல் பென்சில் பிடித்தவன் மேல் காட்டுங்கள்.

ஐ.நா.வே அவளைத் தூக்கிட்டு அப்புறம் இறக்கிவிட்டுச்சாமே?

ஆமாம். 2016 அக்டோபர் 21இல் பெண்கள், சிறுமிகளின் முன்னேற்றத்துக்கான கௌரவத் தூதர் என்று வொண்டர் வுமனை அறிவித்தார்கள். விழா நடந்த இடத்திலேயே ஐ.நா. ஊழியர்கள் சிலர் முதுகைக் காட்டி நின்றார்கள். எதிர்ப்பு மனுவில் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். டிசம்பரில் விஷயம் முடிந்தது. ஐ.நா. தரப்பில், முதலிலேயே திட்டமிட்டபடி முடிந்தது என்றார்கள்.

உடை பற்றிய எதிர்ப்புதான் செய்தியில் பெரிதாக வந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அதே மாதம்தான் அடுத்த பொதுச் செயலாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியிட்ட 13 பேரில் 7 பேர் பெண்கள். தேர்வானவர் ஓர் ஆண். நிஜப் பெண்ணுக்கு நாற்காலி இல்லை, காகிதப் பெண்ணுக்குப் பட்டம். ஊழியர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

அடிதடி பண்ணாதான் பெண்ணுக்கு ஆற்றலா? அது ஆம்பளை மாதிரி ஆகுறதுதானே?

பெண்ணியவாதிகளுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து கிடையாது. ஒரு தரப்பு, குத்துவிடும் பெண் என்பவள் பாவாடை கட்டிய ஆண், அவ்வளவுதான் என்கிறது. மறுதரப்பு, பயந்து ஓடுவதையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத் திருப்பி அடிக்கிற ஒருத்தியைப் பார்ப்பதே பெரிய விஷயம் என்கிறது. நான் இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்ந்தவள். இரவு கடைசி பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த அனுபவம் அது.

வொண்டர் வுமனிடம் எனக்குப் பிடித்தது குத்து இல்லை, அந்தக் கயிறு. உண்மையைச் சொல்ல வைக்கிற கருவி. பெண் சொல்வதை நம்பாத ஊரில் அதைவிடப் பெரிய ஆயுதம் எது?

அப்ப நம்ம இசக்கியம்மனும் நீலியும் சூப்பர் ஹீரோயின்தானே? நமக்கு எதுக்கு அமெரிக்காக்காரி?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். முப்பந்தலில் இசக்கியம்மன் கோயில் இருக்கிறது. நம் ஊர்களில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைத்தால் நீலி கதை பாடுவார்கள். நகைக்காகவோ வேறு எதற்காகவோ நம்பியவனாலேயே கொல்லப்பட்ட பெண், மறுபிறவியில் இடுப்பில் பிள்ளையோடு வந்து அவனைப் பழிவாங்குகிறாள். ஊர்ப் பெரியவர்கள் எழுபது பேர் ‘நீ மனைவியோடு போ, அவளால் உனக்கு ஒன்றும் ஆகாது’ என்கிற மாதிரிப் பேசி, உயிருக்குப் பயந்து நடுங்குகிறவனையே அவளிடம் ஒப்படைக்கிறார்கள். பெண்ணுக்கு நடந்த அநியாயத்தைக் கேட்காத சபை, ஆணின் பயத்தையும் கேட்கவில்லை. வில்லுப்பாட்டில் அந்த இடம் வரும்போது முன்வரிசைப் பெண்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சக்தி இருக்கிறது, முன்கதை இருக்கிறது, எதிரி இருக்கிறான். சூப்பர் ஹீரோவுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு வித்தியாசம் உண்டு. வொண்டர் வுமன் ஊர் ஊராகப் போய் யாரோ ஒருத்தியைக் காப்பாற்றுகிறாள். நீலி தனக்காக மட்டும் வருகிறாள். வேலை முடிந்ததும் கதை அவளை என்ன செய்கிறது? மலையாள வழக்கில் கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியார் வந்து அடக்குகிறார். நம் வழக்கில் கோயில் கட்டி இசக்கியாக உட்கார வைக்கிறோம். கும்பிடுவதும் ஒரு வகையில் அடக்குவதுதான் என்று எனக்குத் தோன்றும். இசக்கிக்குத் தொட்டில் கட்டுகிற வீட்டிலேயே மருமகளுக்குப் பேச்சுரிமை இல்லாததைப் பார்த்தவள் நான்.

‘லோகா’ செய்த வேலை அதனால்தான் முக்கியம். நீலியைக் கோயிலிலிருந்து இறக்கி, பெங்களூரில் வாடகை வீட்டில் குடிவைத்து, பிறருக்காகச் சண்டை போட விட்டார்கள். எழுத்தில் சாந்தி பாலச்சந்திரன் என்ற பெண்ணின் பங்கும் உண்டு. படம் 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. கள்ளியங்காடு நாகர்கோவில் பக்கம். நம் நீலியை மலையாளத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே என்று ஒரு பையன் வருத்தப்பட்டான். மக்கா, எல்லை போட்டது 1956இல். நீலிக்கு அது தெரியாது.

தமிழ் காமிக்ஸ்ல இப்படி யாருமே இல்லையா?

சூப்பர் சக்தியோடு யாரும் பெயர் வாங்கவில்லை. ஆனால் சிவகாசியிலிருந்து 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகி ஒரு பெண், மாடஸ்டி பிளைஸி. பிரிட்டிஷ் செய்தித்தாள் தொடரில் 1963இல் பிறந்தவள். அகதிச் சிறுமியாக வளர்ந்து, கொள்ளைக் கூட்டத் தலைவியாகி, அதை விட்டுவிட்டுத் துப்பறிகிறவள். கூட வருகிற வில்லி கார்வின் என்பவன் அவளுக்குக் காதலனும் இல்லை, முதலாளியும் இல்லை. அவளை ‘இளவரசி’ என்று கூப்பிடுகிற தோழன்.

இரும்புக்கை மாயாவியை என் அண்ணன் காசு கொடுத்து வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பான். மாடஸ்டியை ‘பொம்பளை கதை’ என்று திண்ணையில் போட்டுவிடுவான். எனக்கு அதில் லாபம்தான். ஓர் ஆணும் பெண்ணும் கல்யாணம், காதல் இல்லாமல் வாழ்நாள் சிநேகிதமாக இருக்கலாம் என்று எனக்கு முதலில் சொன்னது அந்தச் சாணித்தாள் புத்தகம்.

1968இல வொண்டர் வுமனோட சக்தியைப் பிடுங்கிட்டாங்களாமே, ஏன்?

விற்பனை படுத்தது, காலத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றுகிறோம் என்று எழுத்தாளர்கள் சக்தியை எடுத்துவிட்டு, வெள்ளைச் சட்டை மாட்டி, துணிக்கடை வைத்துக் கொடுத்து, கராத்தே கற்றுக்கொடுக்க ஒரு கிழவரையும் சேர்த்துவிட்டார்கள். சக்தி இல்லாமல் தன் திறமையில் நிற்கிற பெண் இன்னும் முற்போக்கு என்பது அவர்கள் கணக்கு. அந்த நினைப்பை முட்டாள்தனம் என்று என்னால் தள்ள முடியவில்லை.

ஆனால் சிறுவயதில் அவளைப் படித்து வளர்ந்த பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கப் பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனம் தொடங்கிய ‘மிஸ்’ பத்திரிகை 1972 ஜூலையில், பழைய உடையோடும் கயிற்றோடும் வொண்டர் வுமனை அட்டையில் போட்டு, ‘ஜனாதிபதி பதவிக்கு வொண்டர் வுமன்’ என்று எழுதியது. 1973இல் சக்தி திரும்பி வந்தது. அவள் சின்னமானது 1941இல் இல்லை, இந்த அட்டையில்தான். முதல் கேள்வியில் கதைக்குள், கதைக்கு வெளியே என்று பிரித்தேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கதைக்குள் அவள் அப்போது துணிக்கடை நடத்திக்கொண்டிருந்தாள்.

பெண்கள் எழுதினா எல்லாம் சரியாயிடுமா?

தானாக ஆகாது. ஆனால் எழுதாதபோது என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி நிறைய. 1980இல் அவெஞ்சர்ஸ் 200ஆவது இதழில் மிஸ் மார்வெல் என்ற நாயகியை ஒருவன் மனதை மயக்கிக் கர்ப்பமாக்குகிறான். அவள் அவனோடேயே போகிறாள். சக ஹீரோக்கள் கையசைத்து வழியனுப்புகிறார்கள். எழுதியவர்களுக்கு அதில் தப்பே தெரியவில்லை. கேரல் ஸ்ட்ரிக்லண்ட் என்ற வாசகி, இது பாலியல் வன்முறை என்று கட்டுரை எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது. மிஸ் மார்வெலான அந்த கேரல் டான்வர்ஸ்தான் 2012இல் கெல்லி சூ டிகானிக் என்ற பெண் எழுத்தாளர் கையில் கேப்டன் மார்வெல் ஆகி, விமானியின் முழு உடையில் வந்தாள்.

அடுத்து கமலா கான். 2014இல் தனித் தொடராக வந்த பாகிஸ்தானியக் குடும்பத்து அமெரிக்கப் பெண். பதிப்பாசிரியர் சனா அமானத், எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், இருவரும் முஸ்லிம் பெண்கள். முதன்முதல் சக்தி வரும்போது கமலா தன்னை அறியாமல் வெள்ளைக்கார அழகியாக மாறிவிடுகிறாள், அது பொருந்தாமல் தவிக்கிறாள். ஃபேர்னஸ் கிரீம் விளம்பரம் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தை விளக்க வேண்டியே வரவில்லை.

பொண்ணுக்கு ஏதாவது கொடுமை நடந்தாதான் சக்தி வரணுமா? அது ஏன் அப்படி?

மூன்றாமாண்டு படிக்கிற ஒரு பெண் கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை, அடுத்த வாரம்தான் சொன்னேன். நீலி கொல்லப்பட்டு வருகிறாள். டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பிறகு 2014இல் வந்த ‘பிரியா’ காமிக்ஸ் நாயகியும் பாலியல் வன்முறைக்கு ஆளானவள்; பார்வதியின் அருளால் எழுந்து புலிமேல் ஏறி வருகிறாள். பிரியாவின் நோக்கம் நல்லது, பாதிக்கப்பட்டவளைக் குற்றவாளியாக்கும் ஊரைத் திருத்துகிற கதை. ஆனாலும் நீ கேட்டது சரி. சூப்பர்மேனுக்கு சக்தி பிறப்பிலேயே வருகிறது, யாரும் அவனை அவமானப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. 1994இல் ஒரு ஹீரோவின் காதலியைக் கொன்று குளிர்சாதனப் பெட்டியில் அடைத்து வைத்தார்கள், அவனுக்குக் கோபம் வருவதற்காக. கெயில் சிமோன் என்ற ரசிகை 1999இல் இப்படிச் செத்த, சிதைந்த, சக்தி இழந்த நாயகிகளின் பட்டியலைப் போட்டு அந்தப் பெட்டியின் பெயரையே தலைப்பாக வைத்தார். பிற்பாடு அவரே வொண்டர் வுமன் எழுத வந்தார். வொண்டர் வுமனின் பழைய பிறப்புக் கதையில் கொடுமை கிடையாது. பிள்ளை வேண்டும் என்று ஒரு ராணி களிமண்ணில் செய்து உயிர் வாங்கிய மகள், அப்பனே இல்லாதவள். அதையும் 2011இல் மாற்றி ஜீயஸ் கடவுளை அப்பனாக்கிவிட்டார்கள். சும்மா இருக்க முடியவில்லை பாருங்கள்.

கம்பெனி காசு பண்ணத்தானே இதெல்லாம்? பொம்மை, பை, டிபன் பாக்ஸ்…

ஆமாம். 2017இல் பேட்டி ஜென்கின்ஸ் இயக்கிய வொண்டர் வுமன் படம் 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதில் ஒரு காசுகூடப் பெண்ணியத்துக்கு வந்ததாக நான் கேள்விப்படவில்லை. நினைத்தால் சக்தியை எடுப்பார்கள், நினைத்தால் அப்பனைக் கொடுப்பார்கள். சொத்து அவர்களுடையது.

நான் அவளை வாசகசாலைப் புத்தகம் மாதிரித்தான் நினைக்கிறேன். நமக்குச் சொந்தமில்லை, இரவல். ஆனால் இரவல் வாங்கியதால் படிப்பு செல்லாமல் போகுமா? 1972இல் அந்தப் பெண்கள் செய்தது அதுதான். இரவல் வாங்கி, வேண்டிய பக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டார்கள்.

பையன்மாரும் இதைப் படிக்கலாமா?

படிக்கட்டும். பெண் பிள்ளைகள் நூறு வருஷமாக ஆண் ஹீரோவைப் படிக்கவில்லையா?

எனக்க அம்மை அண்டியாபீசுக்குப் போறா. அவளுக்கு வொண்டர் வுமனால என்ன பிரயோஜனம்?

எட்டாம் வகுப்புப் பிள்ளை. முந்திரிக் கொட்டை உடைத்து உடைத்துக் கறுத்துத் தோலுரிந்த கையை நம் ஊரில் பார்க்காதவர்கள் இல்லை. நேராகச் சொன்னால், பிரயோஜனம் ஒன்றுமில்லை. கூலியை ஏற்றியது சங்கம்தான், சூப்பர் ஹீரோ இல்லை.

ஆனால் ஒரு கதை இருக்கிறது என்று சொன்னேன். 1942இல் வந்த இதழ். ஒரு பெரிய கடையில் வேலை செய்யும் பெண்களுக்கு வாரம் 11 டாலர்தான் சம்பளம், அவர்கள் போராடுகிறார்கள். கடைக்குச் சொந்தக்காரியும் ஒரு பெண்தான். வொண்டர் வுமன் அவளைக் குத்தவில்லை. கயிற்றைப் போட்டு, அவள் கடையிலேயே அவளை வேலைக்காரியாக நிற்க வைக்கிறாள். கால் வலித்த பிறகு சம்பளம் இரட்டிப்பாகிறது. அந்தக் காலத்து இதழ்களில் ஒவ்வொன்றிலும் ஒரு நிஜப் பெண்ணின் வாழ்க்கைக் கதையும் தனியாக வரும். தாதியர், போராளிகள், விஞ்ஞானிகள். டென்னிஸ் வீராங்கனை ஆலிஸ் மார்பிள் பெயரில் வந்த பகுதி. 1950களில் அதை எடுத்துவிட்டு உலகக் கல்யாணச் சடங்குகள் பற்றிய பகுதியைப் போட்டார்கள்.

கடைக் கதையைப் படம் அச்செடுத்து, பேச்சுக் குமிழ்களில் தமிழை எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் திரும்பி வந்தது. ஓரமெல்லாம் பழுப்புக் கறை, அண்டி எண்ணெய் வாடை.

டீச்சர், இதுக்கு அடுத்த கதை இருக்கா? அம்மை கேக்கச் சொன்னா.

ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வருகிற ஞாயிறு தருகிறேன்.